யாருக்கு யார் சேமிப்புச் சொல்லிக் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் மூதூர் கிழக்கின் ஆதிக்குடிகளான வேடர் சனத்துப் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். சேமிப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த சனத்துக்கு நுண்கடன் குழுக்கள்தான் அதைப் படிப்பித்தனவாம். நிருபருக்குப் பெரிய மனது.

நான் அந்தப் பக்கம் படிப்பிக்கப் போன காலத்தில், அந்தத் "தெரியாத" சனம் உலையில் அரிசி போடமுன் ஒரு பிடி அள்ளி வேறு பானையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் மாதர் சங்கத்தில் அதை அளந்து விற்று, வருத்தக்காரருக்கும் சாமத்தியவீட்டுக்கும் கைமாற்றாகக் கொடுப்பார்கள். வட்டி கிடையாது. தேன் எடுத்ததும் தா என்பதுதான் தவணை. 2006இல் ஷெல்லுக்குப் பயந்து வெருகலும் வாகரையுமாக ஓடியபோது பானையும் போனது, சங்கமும் போனது. மீள்குடியேறியவர்களிடம் பஸ் வரமுன் லோன் கம்பனியின் மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. இதையெல்லாம் தாங்கள் அறியாதவரல்லர்.

கட்டுரை பெண்களைப் பற்றியது. படமோ ஊவாப் பக்கம் சிங்களம் பேசும் வேடர் இருக்கும் தம்பானையில் எடுத்தது, கோடரி தோளில் வைத்த ஒரு பெரியவர்! சந்தோசபுரத்திலும் பாட்டாளிபுரத்திலும் இருப்பவர்கள் தமிழ் பேசி, உப்பங்கழியில் இறால் பிடித்து, கூலிக்குப் போகிறவர்கள். இதை முன்பும் எழுதினேன். இடமில்லாததால் வரவில்லை போலும். அந்தக் கிழமை ஒரு கடன் கம்பனியின் முழுப்பக்க விளம்பரத்துக்கு இடம் தாராளமாக இருந்தது.

கடனே கூடாதென்று நான் சொல்லவில்லை. வலை வாங்கக் காசு வேண்டும். வங்கி காணி உறுதி கேட்கும், உறுதியில்லாத வளவில் இருப்பவள் எங்கே போவாள்? ஆனால் கழியில் இறால் கிழமைக் கணக்குப் பார்த்துப் படுவதில்லை. தேனும் பாலைப்பழமும் வருசத்தில் சில மாதம்தான். அதற்கும் இப்போது காட்டுக்குள் போகாதே என்று கல் நாட்டியிருக்கிறார்கள். தவணை மட்டும் கிழமை தவறாது. ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுக்கிறார்கள். குழு என்பதும் அந்தப் பெண்களின் உதவிக்கு அல்ல. கம்பனி கேட்கும் பிணையே அந்தக் குழுதான்.

நான் கண்ணால் கண்டது ஒன்று. பிள்ளை ஆஸ்பத்திரியில் என்று ஒருத்தி தவணை கட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. குறைகிற காசை மற்றவர்கள் சேர்த்துத் தரும்வரை ஒருவரும் எழும்பக் கூடாதென்று, என் மாணவன் வயதுள்ள உத்தியோகத்தர் தம்பி பிளாஸ்ரிக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து பசிக்குது என்று நின்றபோதும் அசையவில்லை. கடைசியில் குழுத் தலைவி தோட்டைக் கழற்றி, துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டு அடகுகடைக்குப் போனாள். தங்கள் கட்டுரையில் இதற்குப் பெயர் "கூட்டுப் பொறுப்பு".

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. யாருக்கு? மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்கு. தோட்டை அடகு வைத்து நாள் தவறாமல் கட்டியவளுக்குக் கிடைத்தது ஈர்க்குத்தான். அதே வருசம் செப்டெம்பரில் வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, வட்டி 220 வீதம் வரை போவதையும், கடன் அறவிட வருகிறவர்கள் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குச் சில நாளில் தெரிந்தது, திருகோணமலையிலேயே இருக்கும் தங்கள் நிருபருக்குத் தெரியவில்லை.

மறுப்போ வருத்தமோ நான் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டத்தின்படி மத்திய வங்கி அனுமதிப்பத்திரம் கொடுத்த கம்பனிகளின் பெயர்களைத் தமிழில், வயதானவர்களும் வாசிக்கக்கூடிய எழுத்தில், ஒரு கால் பக்கத்தில் போடுங்கள். முறைப்பாடு எங்கே கொடுப்பதென்றும் கீழே சேர்த்துவிடுங்கள். வெட்டி எடுத்துக் கடைச் சுவர்களில் ஒட்டுவது என் பொறுப்பு. கால் பக்கம் கூட இல்லையென்றால், அடுத்த கடன் விளம்பரத்துக்குப் பக்கத்திலாவது போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மூதூர்