ஆய்வகத்தில் முதல் கோடை

ஐயா,

மருத்துவ உயிரியல் ஆராய்ச்சியில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் குறைவாக இருப்பதற்கு ஆர்வமின்மையே காரணம் என்று எழுதியிருந்த வாசகரின் கருத்தை, மேரிலாந்தில் ஆய்வகப் பணியில் இருக்கும் என்னால் ஏற்க இயலவில்லை.

பால்டிமோர் கவுன்ட்டியில் உள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி, மேயர்ஹாஃப் தம்பதியின் நன்கொடையுடன் 1988-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், 19 கறுப்பின மாணவர்களை 1989-இல் முதல் அணியாகச் சேர்த்தது. வகுப்புகள் தொடங்கும் முன்பே ஆறு வாரக் கோடைப் பயிற்சி, தனியாக முட்டிமோதாமல் குழுவாகப் படிக்கும் வழக்கம், பட்டப்படிப்புக் காலத்திலேயே உண்மையான ஆய்வகத்தில் வேலை ஆகியவை அதன் அடிப்படை. மாடர்னா கொரோனா தடுப்பூசியின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மேகியா கார்பெட், 2008-இல் அங்கிருந்து பட்டம் பெற்றவர்.

எங்களிடம் வரும் இளநிலை மாணவர் பலர், முதல் வாரத்தில், திரவத்தை அளந்து எடுக்கும் கருவியான பிப்பெட்டின் பொத்தானை முதல் நிறுத்தத்தோடு விடாமல் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்திக் கூடுதல் திரவத்தை உறிஞ்சிவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கை பழகிவிடும். ஆனால் கோடையில் கடை வேலைக்குப் போனால்தான் வாடகை கொடுக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் அந்த ஒரு மாதத்துக்கு எங்கே போவார்? ஊதியமில்லாப் பயிற்சியை வாய்ப்பு என்று அழைப்பது (எங்கள் துறையின் பழைய கெட்ட பழக்கம் இது) வசதி உள்ளவர்களை மட்டுமே வடிகட்டி எடுக்கிறது.

வாசகர் ஒருவர்,
பால்டிமோர்.