மதினி, மெஷினை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள மதினிக்கு,

அண்ணன் கொல்லத்துக்கு வேலைக்கு வருவதும், நீங்களும் கூடவே வந்து எங்களைப் போலப் படகிலேயே குடியிருக்கப் போவதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் ஃபோனை வைக்கும்போது ஒன்று சொன்னீர்களே, "படகில் தையல் மெஷினை வைத்து என்ன செய்ய, செங்கோட்டையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்" என்று, அது மனசை விட்டுப் போகவே இல்லை. கொடுத்துவிடாதீர்கள். கரையை விட்டுத் தண்ணீரில் குடியேறும் எந்தப் பெண்ணுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

கால் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு இங்கே வேண்டாம். இடத்தை அடைக்கும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். தலையை மட்டும் கழற்றி, அடியில் ஒரு மரப்பெட்டி பொருத்தி, பக்கத்தில் கைப்பிடி மாட்டிவிட்டால் கை மெஷின் ஆகிவிடும். உங்கள் மெஷின் பழைய கறுப்பு மெஷின். அதன் சக்கரத்தில் ஆரக்கால் இருக்கிறது, கைப்பிடி சுலபமாக உட்காரும். அடைத்த சக்கரமாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். மோட்டார் போட்டுத் தருகிறேன் என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். படகில் கரண்டு பாட்டரியில்தான். விளக்குக்கும் விசிறிக்கும் ஃபோனுக்கும் போக மிச்சம் ஒன்றும் இருக்காது.

படகு ஆடுமே, எப்படித் தைப்பது என்று கேட்டீர்கள். நிறுத்திக் கட்டிய படகு நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஆடாது. காலையில் அஷ்டமுடிக் காயல், அதாவது இங்குள்ள உப்பங்கழி, அசையாமல் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும்போதுதான் லேசாகத் தொட்டில் மாதிரி ஆடும். பக்கத்தில் என்ஜின் படகு ஏதாவது வேகமாகப் போனால் அலை வரும். என்ஜின் சத்தம் முன்கூட்டியே கேட்டுவிடும். உடனே ஊசியைத் துணிக்குள் இறக்கி, சக்கரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். அலை அடங்கினதும் விட்ட இடத்திலிருந்தே ஓட்டலாம். கை மெஷினில் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடுவதால், நீளமான வேலை என்றால் முதலில் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வது நல்லது. மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரைக்கு அடியில் வெளிச்சம் குறைவு. கறுப்புத் துணியெல்லாம் படகின் முன்பக்கம் உட்கார்ந்து காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

உண்மையான எதிரி ஈரம்தான். நீண்டகரையில் காயல் கடலோடு சேர்கிறது, அதனால் இந்தக் காற்றிலேயே உப்பு உண்டு. தைத்து முடித்ததும் ஊசித்தண்டு, பாபின் கேஸ், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சு எல்லாவற்றையும் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, துணியால் மூடிவையுங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே கூடாது. நாளாக ஆகப் பிசினாக இறுகி மெஷினையே நிறுத்திவிடும். ஆச்சி ஊசி குத்திவைக்கத் தலைமுடியை அடைத்து ஒரு சின்னத் தலையணை வைத்திருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? முடியில் ஊறின எண்ணெய் ஊசியைத் துருவிலிருந்து காப்பாற்றும். நானும் அதேபோல ஒன்று செய்து வைத்திருக்கிறேன். துணிகள் தகரப் பெட்டியில். காயல் தண்ணீரில் அலசின துணியில் உப்பு தங்கி எப்போதும் நமுத்தே கிடக்கும். ஆகவே புதுத் துணியை வெட்டுவதற்கு முன்னால் கரையில் போய் நல்ல தண்ணீரில் நனைத்து எடுத்துவிடுவேன்.

அப்புறம், இதை நீங்கள் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். நாங்கள் இருக்கிற படகே, இங்கே கெட்டுவள்ளம் என்பார்கள், தைத்ததுதான். ஒரு காலத்தில் நெல்லும் தேங்காயும் ஏற்றிய வள்ளம் இது. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. பலகை ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் தேங்காய் நாரைத் திணித்து, கயிற்றைக் கோத்து இறுக்குகிறார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளிருந்து வரும் கயிற்றை வெளியே இருப்பவர் இழுத்துப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறார். தளர்ந்தால் தண்ணீர் கசியும், அதனால் ஒவ்வொரு தையலையும் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அந்தக் கயிறும் இந்தப் பக்கத்துக் கயிறுதான். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயலில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுத்துத் திரித்தது. எல்லாம் முடிந்தபின் மேலே முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுவார்கள், அதனால்தான் வள்ளம் கறுப்பாக இருக்கிறது. கொல்லத்தில் முந்திரிக்கா பஞ்சம்! கயிறு நைந்தால் வள்ளத்தைக் கரையேற்றி, பழைய தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள். எங்கள் வள்ளத்தை மறுபடி தைத்த அன்று நான் சமையலைக்கூட மறந்து கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கையில் இருந்த அளவுச் சீர்மையை நம்மூர் ரவிக்கைத் தையலில்கூட நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் தையலுக்கு வேலை இல்லாமல் போகுமா? ஜூனில் மழை பிடிப்பதற்குள் இரண்டு பக்கமும் தார்ப்பாய்த் திரை தயாராக வேண்டும். அதற்குத் தையலை நீளமாக வையுங்கள். பொடித்தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசையாக விழுந்து, காற்றடிக்கும்போது அதிலேயே கிழியும். நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும், நைலான் வெயிலில் சீக்கிரம் போய்விடும். கொசுவலைக்கு ஓரம் கட்ட வேண்டும், மெத்தை உறைகளை அடிக்கடி மாற்ற வேண்டும். கரையில் இருக்கும் சேச்சிமார் நைட்டி தைத்துத் தரச் சொல்லி வருவார்கள். ஓணத்துக்கு முன்னால் கைக்கு ஓய்வே இருக்காது.

ஆனால் எனக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை. சாயங்காலம் மீனவர்கள் வலை போடுவதற்காக வீட்டுப்படகுகளெல்லாம் ஓட்டத்தை நிறுத்திவிடும். என்ஜின் சத்தமே இருக்காது. அப்போது துண்டுத் துணிகளை எடுத்துவைத்து, கையாலேயே ஒட்டுப் போர்வை தைப்பேன். இந்தப் போர்வைக்கு யாரும் காசு தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. என் நாளில் அந்த நேரம் மட்டும் எனக்கே எனக்கு. உங்களுக்கும் அது வேண்டும் மதினி. இவ்வளவு சின்ன இடத்தில் நான்கு பேருக்கு நடுவில் இருக்கும்போது ரொம்பவே வேண்டும்.

நம் ஆச்சி காலத்தில், 1956 வரை, செங்கோட்டையும் கொல்லமும் ஒன்றாகவே இருந்தன, முதலில் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில். 2018-இல் அகலப்பாதை முழுசாகத் திறந்துவிட்டதால் இப்போதும் ஒரே ரயிலில் வந்து இறங்கிவிடலாம். மெஷின் தலையைப் பழைய போர்வையில் சுற்றி, உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணன் மேல்தட்டில் ஏற்ற வேண்டாம். பாபின் கேஸைத் தனியாகக் கழற்றிக் கைப்பையில் போடுங்கள். தார்ப்பாய்க்கு 18 நம்பர் ஊசி, மற்றதுக்கு 16. தென்காசியில் இரண்டிலும் சில பாக்கெட் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கும் தீர்ந்துவிட்டது. உங்கள் பழைய சுங்குடிச் சேலைகளில் கிழிந்தது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். போர்வைக்குச் சிவப்பு குறைகிறது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்