களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் புற்றுநோய்க்காக என் கணவர் ஒன்பது மாதமாக அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்கிறார். பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால் முதலிலேயே எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள்.

நான்காவது முறைக்குப் பிறகு அவருக்கு ஒரே களைப்பு. மே மாத வெயிலிலும் போர்வை கேட்டார். "இந்த நோய்க்குக் களைப்பு இருக்கத்தானே செய்யும்" என்று எங்கள் ஊர் மருத்துவர் அனுப்பிவிட்டார். இருபது நாள் வீணாகப் போனது. அப்புறம் ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது, புற்றுநோயைத் தாக்குவதற்காக அட்டிசோலிசுமாப் தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியையும் தாக்கியிருக்கிறது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மறுபடியும் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைப் படிக்கிறார். சிகிச்சையை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

பக்கவிளைவு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சில ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது உண்மைதான். ஆனால் பக்கவிளைவு பெரிதாக இல்லாமலே கட்டி சுருங்கியவர்களும் உண்டு. இதே இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, 2020இல் வெளியான ஐஎம்பிரேவ்150 என்ற ஆய்வில் கட்டி நன்றாகச் சுருங்கியது நூற்றுக்குச் சுமார் 27 பேருக்குத்தான். என் கணவருக்குச் சுருங்கவில்லை, வளரவும் இல்லை. எங்களுக்கு அதுவே பெரிது.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடாத வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், கறுப்பு மலம், கண் மஞ்சள், கடும் களைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் அச்சடித்த ஒரு அட்டையை முதல் நாளே கொடுங்கள்.

ஒரு வாசகி,
திருச்சி