காய்ச்சல் போனது, சோர்வு போகவில்லை

ஆசிரியருக்கு,

என் அண்ணன் நிமோனியாவுக்காக ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சீட்டில் சி.ஆர்.பி. (உடலின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு முதல் மாத்திரை நேரம் வரை எல்லாம் இருந்தது. நாளிதழைப் பிரிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாரே, அதற்கு ஒரு வரி இல்லை. தெம்பு வந்தால் சரியாகிவிடும் என்று நாங்களும் ரசமும் இட்லியுமாக ஆறு வாரம் ஓட்டினோம்.

கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் மூளையையும் எட்டுகின்றன. பசி, தூக்கம், ஆர்வம் எல்லாம் மங்குகின்றன. சிலருக்கு இது காய்ச்சலோடு நிற்பதில்லை. டென்மார்க்கில் 35 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறு வரும் அபாயம் 62 சதவீதம் கூடுதலாக இருந்தது. தொற்றுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லைதான். விசாரிக்காமல் விட அது சாக்காகாது.

தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கும் ஊர் இது. மறுபரிசோதனைக்கு வருபவரிடம் தூக்கம் எப்படி, எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். சீட்டின் அடியில் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அச்சிடலாம். தமிழிலும் பேசும் வசதி உண்டு. எங்களுக்கு அந்த எண்ணைச் சொன்னவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர்.

ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு