பதினோராவது மணி நேரம்

அன்புள்ள அக்கா,

அங்கே நர்ஸ் வேலை சுலபமா என்று கேட்டிருந்தாய். நீ நைட்டில் முப்பது நோயாளிகளைப் பார்க்கிறாய். எனக்கு இங்கே எட்டு. எட்டுதானா என்று முதல் வாரம் நானும் சிரித்தேன். ஆனால் வார்டில் நோயாளியோடு தங்கும் உறவினர் கிடையாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் எங்கள் கைதான்.

நோயாளியைத் தூக்க ஹாய்ஸ்ட் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் வரம்பு 35 பவுண்டு, கிட்டத்தட்ட 16 கிலோ. அசையாமல் கிடக்கும் கனமான ஒருவரின் ஒரு காலே அந்த எடையை நெருங்கிவிடும். அதனால் ஹாய்ஸ்ட் இல்லாமல் தூக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதை இயக்க இரண்டு பேர் வேண்டும், பட்டையை மாட்டவே பத்து நிமிடம் ஆகும். ஆள் குறைவான இரவில் அது மூலையில் சார்ஜ் ஏறியபடி நிற்கும், நாங்கள் கையால் இழுப்போம். அப்புறம் ஒருத்தி முதுகு பிடித்து லீவில் போவாள். அவள் பங்கு மற்றவர்கள் தலையில் விழும், அடுத்த முதுகும் போகும்.

போன மாதம் நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிடாதே. நள்ளிரவில் ஒருவரைத் தனியாக மேலே இழுத்ததில் இடுப்பில் சுருக்கென்றது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். எங்கள் ஷிஃப்ட் இரவு ஏழரையிலிருந்து காலை எட்டு வரை. ஆறு மணி ஆன்டிபயாடிக் வேளை. பக்கத்துப் பக்கத்துப் பெட்டில் ஒரே குடும்பப் பெயர் உள்ள இரண்டு பேர், அதில் ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை. கைப்பட்டையில் பெயரைப் படித்தேன், எண்ணைப் படித்தேன், சரி என்றே தோன்றியது. மருந்தும் ஆளும் பொருந்துகிறதா என்று கைப்பட்டையைப் படிக்கும் ஸ்கேனரை வைத்ததும் சிவப்பு விளக்கு. ஆள் மாறிவிட்டது அக்கா. கண் பட்டையில் இருந்தது, கவனமெல்லாம் இடுப்பில். அதோடு ஏழரையிலிருந்து பாத்ரூம் போகவில்லை, போக நேரம் வராது என்று தெரிந்தே தண்ணீரும் குடிக்கவில்லை.

கை நடுங்கிக்கொண்டேதான் ரிப்போர்ட் எழுதினேன். அன்று எத்தனை நோயாளிகள், ஷிஃப்டில் எத்தனையாவது மணி நேரம் என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். எட்டு பேர் என்றும் பதினோராவது மணி நேரம் என்றும் எழுதியபோதுதான் எனக்கே உறைத்தது. நான் பயந்தபடி யாரும் திட்டவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஆளும் கூடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நம் அலுப்புப் புலம்பல் இல்லை. 2002இல் லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. பன்னிரண்டரை மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் ஷிஃப்டில் தவறு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2004இல் இன்னொரு ஆய்வு சொன்னது. கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது. நமக்கு டிரெய்னிங்கில் சொன்னது ஒன்றுதான்: கவனமாக இரு. கவனம் எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து ஹாய்ஸ்ட் இல்லாமல் தொடுவதில்லை. மருந்து பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும், காரணத்தைச் சீட்டில் எழுதிவிடுகிறேன். சில சீனியர்களுக்கு இது பிடிக்கவில்லை, ‘ராணி’ என்று பின்னால் சொல்கிறார்களாம். சொல்லட்டும்.

உன் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயா? நர்ஸ்தானே என்று நீயே ஒரு ஊசி போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போயிருப்பாய், தெரியும். எடுத்ததும் படத்தைப் போனில் அனுப்பு. இன்று மறுபடியும் நைட், திரையை இழுத்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

உன் தங்கை