சிமெண்ட் கால்வாய் ஆறானது

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 40 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். முன்பு இங்குள்ள பீஷான்-அங் மோ கியோ பூங்கா ஓரத்தில் காலாங் ஆறு வெறும் சிமெண்ட் கால்வாயாக இருந்தது. பிள்ளைகளை அருகில் விடமாட்டோம். அந்த 2.7 கிலோமீட்டர் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். இன்று கரையைப் பிடித்து நிற்பவை கற்களும் செடிவேர்களும். கனமழையில் தண்ணீர் புல்வெளிமீது ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் மேட்டுக்குப் போய்விடுவோம். நீர்நாய்க் குடும்பத்தையே பார்த்திருக்கிறேன்!

போன சனிக்கிழமை என் பேத்தி முழங்கால் தண்ணீரில் நின்று, "தாத்தா, மீன் காலை உரசுது!" என்று கத்தினாள். அவள் அப்பாவுக்கு அந்த வயதில் இது கிடைக்கவில்லை.

தங்கை வீட்டுப் பக்கத்துக் கால்வாய் இன்னும் மொட்டைச் சிமெண்ட்தான். இடம் குறுகல், தெரியும். அதிகாரிகளே, அங்கும் ஒரு பக்கக் கரையையாவது சரித்துச் செடி நட்டுத் தாருங்கள்.

வாசகர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்