மேனேஜர் நாற்காலியும் மூன்று சுழி ணவும்

அன்பு மகளுக்கு,

நீ கேட்டதற்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் ஆள் நின்றார்கள், மிஷின் சத்தம் வேறு. "டிசைன் மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள், இல்லையென்றால் இதே வேலையில் சீனியராகத் தொடரலாம், மாதக் கடைசிக்குள் சொல்லணும், என்னம்மா செய்யட்டும்" என்று ஒரே மூச்சில் கேட்டாய். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மேனேஜர் என்ற வார்த்தையைத் தாண்டி அவர் யோசிக்க மாட்டார். மறுநாள் காலையில் ஐஸ் கம்பெனி முழுக்கச் செய்தி பரவி, தங்கச்சிமடத்தில் பாதிப் பேர் உனக்கு வாழ்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் நீ வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் எல்லா போட்டும் கரையேறிப் பெயிண்டுக்கு நிற்கிறது. பெயர், பதிவு எண், சாமி படம் என்று ஸ்டிக்கர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதனால் ராத்திரி கடை அடைத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த மேனேஜர் வேலை. உனக்குக் கீழே ஆறு பேர் வருவார்கள் என்றாய். அவர்கள் லீவு, அவர்கள் சம்பள உயர்வு, அவர்கள் சண்டை, பக்கத்து டீமோடு மீட்டிங். பெயரில் டிசைன் இருக்கும், கையில் இருக்காது. நம் கரையில் நீயே பார்த்திருக்கிறாய். நல்ல டிரைவராக இருந்தவர் காசு சேர்த்து சொந்த போட் வாங்கிச் சம்மாட்டி ஆவார். அதற்குப் பிறகு டீசல் கணக்கு, ஆட்களுக்கு முன்பணம், இறால் வியாபாரியோடு பேரம். அதில் ஒரு தப்பும் இல்லை, சிலருக்கு அந்த ஓட்டம்தான் பிடிக்கும். ஆனால் கடல்தான் பிடிக்கும் என்கிற ஆள் சம்மாட்டி ஆனால் கரையில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பார். நீ எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கம்பெனியில் இரண்டு ஏணி இருக்கிறது என்றாய். ஆள் நிர்வாகம் செய்கிறவர்களுக்கு ஒன்று, ஸ்டாஃப் டிசைனர், பிரின்சிபல் டிசைனர் என்று வேலையிலேயே மேலே போகிறவர்களுக்கு இன்னொன்று. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த இரண்டாவது ஏணியில் இப்போது யாராவது நிற்கிறார்களா என்று விசாரி. அவர் சம்பளம் மேனேஜர் சம்பளத்துக்குச் சமமா, அவர் சொன்னால் ஒரு வேலை நிற்குமா, மாறுமா என்றும் கேள். ஒருவர்கூட இல்லையென்றால் அந்த ஏணி பேப்பரில்தான் இருக்கிறது.

இதெல்லாம் உனக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. எந்த நாற்காலி என்பதைவிட, "இந்த ஒரு விஷயத்துக்கு அவளைக் கேளுங்கள்" என்று மற்றவர்கள் சொல்லும்படி உன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. லோகோ போடுவேன், ஆப் ஸ்கிரீன் செய்வேன், போஸ்டர் செய்வேன், கொஞ்சம் மோஷன் கிராஃபிக்ஸும் வரும் என்கிறாய். முதல் சில வருஷத்துக்கு அது சரிதான். விளம்பரக் கம்பெனியில் விஷுவலைசராக நுழைந்தாலும், பேக்கேஜிங் ஸ்டுடியோவில் சேர்ந்தாலும், உன்னை மாதிரி ஆப் பக்கம் போனாலும் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தொட்டுத்தான் கற்க வேண்டும். அதற்கு மேலே போகிறவர்கள் ஏதோ ஒன்றில் ஆழமாக இறங்கியவர்களாக இருப்பார்கள்.

சாஃப்ட்வேரை அந்த ஆழம் என்று நினைத்துவிடாதே. நான் கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கிற டிடிபி கற்றபோது, அடோபி கம்பெனியின் பேஜ்மேக்கர் தெரிந்தால் சோறு நிச்சயம் என்றார்கள். 1999ல் அதே வேலைக்கு அவர்களுடைய இன்டிசைன் வந்தது, 2001ல் பேஜ்மேக்கர் 7 வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அடோபி புதிதாக ஒன்றும் விடவில்லை. (சில அச்சகத்தில் அது இன்னமும் ஓடுகிறது என்பது வேறு கதை.) நீ இப்போது ஆப் ஸ்கிரீன் வரைய ஃபிக்மா ஃபிக்மா என்கிறாய். அதே அடோபி 2022ல் 2,000 கோடி டாலருக்கு அதை வாங்கப் போவதாக அறிவித்தது, 2023 டிசம்பரில் வேண்டாம் என்று கைவிட்டது. உன் கையில் இருக்கும் கருவியை யார் எப்போது விற்பார்கள் என்பது உன் கையில் இல்லை பாப்பா.

மாறாதது என்று நான் பார்த்தது வேறு. நம் கடைக்கு எத்தனை விதமான வேலை வருகிறது என்று உனக்குத் தெரியும். பாம்பனிலிருந்து நிக்காஹ் பத்திரிகை வரும், அதில் ஒரு வரி அரபி வலமிருந்து இடமாக ஓடும். புதுநன்மை அழைப்பு, காதுகுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ். எல்லாவற்றிலும் கஷ்டமானது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். விடிகாலையில் கதவைத் தட்டுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்து வந்து தேய்ந்த ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுக்க வேண்டும். பேரன் பேத்தி பெயர் ஒன்றுகூட விடுபடக் கூடாது, மூத்தவர் பெயர் முன்னால் வர வேண்டும், பட்டப்பெயர் போடலாமா என்று அழுதுகொண்டிருக்கிற மனிதரிடம் கேட்க வேண்டும். எடுக்கும் நேரத்துக்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். இதற்கு எந்த டெம்ப்ளேட்டும் உதவாது. யார் படிக்கப் போகிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த மனநிலையில் என்று தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். ஆப் ஸ்கிரீன் செய்கிற உனக்கும் இதே கேள்விகள்தான், பெயர் மட்டும் யூசர் ரிசர்ச் என்று வைத்திருக்கிறார்கள்.

பொருள் எப்படி உருவாகிறது என்பதும் அப்படித்தான். உன் வயதுப் பிள்ளைகள் போனில் செய்த டிசைனைக் கொண்டுவந்து, "அக்கா, அப்படியே பிரிண்ட் போடுங்க" என்கிறார்கள். 1080 பிக்சல் அகலம். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அடித்தால் மூன்றரை அங்குலத்துக்குத்தான் வரும். ஸ்கிரீனில் பளீரென்று இருந்த நீலம் நாலு கலரில் அடித்ததும் மங்கிப்போய் நிற்கும். சின்ன எழுத்தை நாலு கலரும் கலந்த கறுப்பில் போட்டிருப்பார்கள், ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல் இன்னொரு கலர் உட்காரும் இடம், ஒரு மயிரிழை விலகினால் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். வெட்டும் கோட்டைத் தாண்டி ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கலரை நீட்டி பிளீட் விடாததால் கட்டிங்கில் வெள்ளைக்கோடு தெரியும். நம் ஊர் வெயிலில் மாட்டும் போர்டு என்றால் சிவப்புதான் முதலில் வெளுக்கும். இதெல்லாம் கல்லூரியில் ஒரு பாடமாக வந்து போயிருக்கும். மிஷின் பக்கத்தில் நின்று மையைத் தொட்டுப் பார்த்தவளுக்கு மறக்காது. நீ பள்ளி லீவில் இங்கே நின்றவள், அது உன் முதலீடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதில் ஆழமாக இறங்கலாம் என்று என்னைக் கேட்டால் தமிழ் எழுத்து என்பேன்.

சிரிக்காதே. பெங்களூரில் உன்னைச் சுற்றி இருக்கிற டிசைனர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுத்தை ஒழுங்காகப் பக்கத்தில் அமைக்கத் தெரியும்? பெரிய பெரிய பேங்க் போஸ்டரிலேயே "கொ" உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று தொங்குகிறது. எழுத்துகளைக் கோத்துக் காட்ட சாஃப்ட்வேரில் தென்னாசிய மொழிக்கென்று இருக்கிற கம்போஸரைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் அப்படித்தான் வரும். ஒரு செட்டிங் வேலை, அது தெரியாமல் லட்ச ரூபாய் போஸ்டர் போகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல் வரி "கூ"வின் வால் கீழ் வரி "கீ"யின் சுழியில் இடிக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டால் அழகு என்று ஆங்கிலத்தில் செய்வதைத் தமிழில் செய்தால் கொம்பு தன் எழுத்தை விட்டு நகர்ந்து போய்விடும். போல்டு அதிகமானால் மூன்று சுழி "ண" அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். "ர"வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்துருவை வைத்து மருந்துச் சீட்டு அடிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு அளந்த பட்டனில் தமிழ்ச் சொல் வெளியே வழிகிறது, உடனே "தமிழ் நீளமான மொழி" என்று தமிழைக் குறை சொல்கிறார்கள்.

எங்கள் காலத்தில் இதைவிட மோசம். வானவில், ஸ்ரீலிபி என்று தமிழ் ஃபான்ட் தொகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கீபோர்டு. இங்கே அடித்த ஃபைலை இராமநாதபுரத்தில் திறந்தால் எழுத்துக்குப் பதில் கிறுக்கல் வரும். அதனால் ஃபைலோடு ஃபான்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் கொடுக்கிற யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் வந்துவிட்டது, அது அச்சகத்துக்குள் வந்து சேர எத்தனையோ காலம் ஆனது. இப்போது பாதை திறந்து கிடக்கிறது, நடக்கத்தான் ஆள் குறைவு.

நடந்தவர்களும் இருக்கிறார்கள். 2010ல் ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார், ஐஐடி பம்பாயில் ஆராய்ச்சி செய்தது தமிழ் எழுத்து வடிவத்தைப் பற்றித்தான். பிரியா ரவிச்சந்திரன் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து வடிவமைத்த கேட்டமரான் எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் கட்டுமரத்தின் பெயரை வைத்திருக்கிறார், அதற்காகவே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். படிக்க வேண்டுமென்றால் சீட் (CEED) என்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி பக்கம் எம்.டெஸ். என்கிற டிசைன் மேல்படிப்புக்குப் போகலாம். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கென்றே ஒரு எம்.ஏ. இருக்கிறது, செலவு அதிகம், உடனே ஆசைப்படாதே. இருக்கிற வேலையிலிருந்தே தொடங்கலாம். உங்கள் ஆப்புக்குத் தமிழ்ப் பதிப்பு உண்டா? அதை யார் பார்க்கிறார்கள்? யாரும் இல்லையென்றால் அது உன்னுடையது என்று கேட்டு வாங்கு. தமிழைச் சரியாக உட்கார வைக்கப் பழகினவளுக்குத் தெலுங்கும் மலையாளமும் அவ்வளவு பயமாக இருக்காது. அந்த வேலைக்குக் கம்பெனிகள் ஆள் தேடித்தான் ஆக வேண்டும்.

ஏஐ எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று போன தடவை பயந்தாய். விழுங்கட்டும், நானும் விசிட்டிங் கார்டுக்குப் படம் அதில்தான் எடுக்கிறேன். அதைத் தமிழில் ஒரு போர்டு வரையச் சொன்னால் பல நேரம் எந்த மொழியிலும் இல்லாத எழுத்தைப் போட்டு வைக்கிறது. நாளைக்கு அது சரியாகலாம். அப்போதும் எது சரி, எது தப்பு என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

லீவு வந்தால் கேமராவோடு வா. தென்கடல் பக்கம் பழைய வல்லங்களிலும் சில கடைச் சுவரிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய "லை"யும் "னை"யும் இன்னும் இருக்கின்றன, கொம்பு போடாமல் மேலே வளைத்து எழுதினது. பெயிண்டர்கள் கையால் எழுதினது, ஒருவர் எழுதினது மாதிரி இன்னொருவருடையது இருக்காது. தடைக்காலப் பெயிண்டில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மறைகிறது, நான் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரும் அதற்கு ஒரு காரணம்.

வேலையை விட்டுத் தனியாகச் செய்யலாமா என்று நடுவில் ஒரு வார்த்தை விட்டாய், அதற்கும் சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். எப்போதாவது செய்தால் எழுதிக் கையெழுத்து வாங்காமல் தொடங்காதே. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது நீ வரைவது பொதுவாகக் கம்பெனிக்குச் சொந்தம். வெளியிலிருந்து லோகோ செய்து கொடுத்தால் பதிப்புரிமை வரைந்தவளுக்கு, எழுத்தில் கொடுத்தால்தான் கைமாறும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நம்மிடம் லெட்டர்ஹெட் அடிக்கிற வக்கீல் சொன்னது, பாக்கிக்குப் பதிலாக நான் அவரிடம் சட்டம் கேட்டுக்கொள்கிறேன். சிறுதொழில் என்று உத்யம் பதிவு செய்துவிட்டால், வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று கேட்கச் சட்டம் இருக்கிறது. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி. எது எப்படியானாலும் பாதி அட்வான்ஸ் வாங்காமல் சிஸ்டத்தைத் திறக்காதே. சொந்தக்காரர்களிடம் முழுசாக வாங்கு.

ஆக, மாதக் கடைசியில் நீ சொல்ல வேண்டியது: இப்போதைக்கு மேனேஜர் வேண்டாம், இந்திய மொழி வேலையை என்னிடம் கொடுங்கள், அதற்கு ஏற்ற பதவியும் சம்பளமும் பேசுவோம். முடியாது என்றால் என்னைக் கூப்பிடு, அப்புறம் யோசிக்கலாம். நீ மேனேஜர்தான் ஆகிறேன் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை, காரணத்தை மட்டும் சொல்லு. சம்பளம் எவ்வளவு கூடும் என்று நீ இன்னும் சொல்லவில்லை, அதையும் சொல்லு.

அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு எதையும் உளறாதே. நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். போன தடவை நாற்றம் என்று உன் பிஜியில் சண்டை வந்ததே, இந்தத் தடவை ஆபீஸ் முகவரிக்கு அனுப்பட்டுமா? பின்கோடு போடு.

அன்புடன்,
அம்மா